தோள் மாறும் சுமை

மௌத்து நிகழ்ந்த வீட்டிற்கு நாம் செல்கின்றோம். சொல்ல வேண்டிய இரண்டொரு வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, பேச்சற்று அமர்ந்திருக்கின்றோம். திரும்பி வரும் வழியில் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது: நாம் போய் வந்ததால் அவர்களுடைய துயரம் எள்ளளவேனும் குறைந்ததா?

குறைந்தது என்று துணிந்து கூற இயலவில்லை. மகனை இழந்த தாயோடு ஊரே சேர்ந்து அழுதாலும் அவளுடைய வேதனை அவளுடையதே. பாகம் பிரித்துக்கொள்வதற்குத் துயரம் சொத்தன்று. அப்படியாயின் ஊர் கூடுவது எதற்காக?

இதற்கான விடையைச் சந்தூக்கு சொல்லும். அது மையவாடியை நோக்கிச் செல்கையில் சில அடிகளுக்கு ஒருமுறை தோள்கள் மாறுகின்றன. துயரத்தைப் பங்கிட முடியாது. துயரம் கொண்டுவரும் வேலைகளைப் பங்கிட முடியும். குளிப்பாட்ட, கபனிட, கப்று வெட்ட, தொழ, மண்ணிட மனிதர்கள் வேண்டும். ஜனாஸாத் தொழுகையைப் பர்ளு கிஃபாயா என்கின்றோம். சிலர் நிறைவேற்றினால் எல்லோருடைய கடமையும் நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிடில் எல்லோரும் குற்றவாளிகள். இழப்பு ஒரு வீட்டுக்கு, கடமையோ ஊருக்கு. மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். துக்க வீட்டில் அடுப்பெரியாது என்பதை அறிந்த பரிவு அது.

இவ்வேலைகளை ஒரு சமுதாயத்திடமிருந்து பறித்துவிட்டால் என்னவாகும் என்பதை இலங்கையில் கண்டோம். கொரோனாவால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று 2020-ல் அங்கே ஆணை பிறந்தது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அரசு இணங்கவில்லை. குளிப்பாட்டலில்லை, கபனில்லை, கப்றில்லை. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாள்களே ஆன ஒரு பச்சிளங் குழந்தையும் பெற்றோரின் விருப்பத்தை மீறி எரியூட்டப்பட்டது. அப்போது கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெண்துணிகளைக் கட்டினார்கள். சமய வேற்றுமையின்றிப் பலரும் வந்து கட்டினார்கள். அந்தக் குழந்தைக்கு மறுக்கப்பட்ட கபனை வேலிக்கு உடுத்தியதாகவே நமக்குத் தோன்றுகின்றது. செய்ய வேண்டிய வேலை பறிக்கப்பட்டபோதும், செய்வதற்கு ஒரு வேலையை அவர்கள் தேடிக்கொண்டார்கள்.

2021 பிப்ரவரியில் ஆணை மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு வேண்டியதுதான். ஆனால் தந்தைக்குத் தன் கையால் மண்ணிட முடியாமற்போன மகனுக்கு, அந்த ஒரு பிடி மண்ணை எந்த அரசும் திருப்பித் தர இயலாது.

பிறரைக் குறைகூறி முடித்துவிடுதல் தகாது. நம்மிடமும் பிழையுண்டு. கண்ணீர் பெருகும் முன்பே 'சபுர் செய்யுங்கள்' என்று வாயடைக்கின்றோம். தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபிகளாரே கண்ணீர் விட்டார்கள் என்பதை அவ்வேளையில் மறந்துவிடுகின்றோம். உணவு கொண்டுபோக வேண்டிய நாமே பந்தியில் அமர்ந்து, இழந்தவர்களைக் கடனாளியாக்கி எழுகின்றோம். பின்னர் நாற்பதாம் நாளோடு அவ்வீட்டை மறக்கின்றோம். அவ்வீட்டுப் பெண்ணின் இத்தாவோ நான்கு மாதமும் பத்து நாளும். அவளுடைய தனிமை அதற்குப் பின்னரே முழுமையாகத் தொடங்குகின்றது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வாரிசுச் சான்றிதழுக்கான அலைச்சல், பாகப் பிரிவினையில் அவளுக்குரிய பங்கு என வேலைகள் அப்போதும் காத்திருக்கின்றன.

சந்தூக்கைச் சுமக்கத் தோள் கொடுக்காதவர் நம்மூரில் இல்லை. மையவாடியில் அதை இறக்கி வைத்துவிட்டால் நம் சுமை முடிந்தது என்று எண்ணுகின்றோமே, அங்குதான் தவறுகின்றோம். அடுத்த தோள் யாருடையது என்று அவ்வீடு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது.