குறைந்தாலும் நிலைக்கட்டும்: உடல் எடை விஷயத்தில் ஒரு நஸீஹத்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நான் இந்தப் பள்ளிக்கு இமாமாக வந்தபோது ஸஃப்பின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. இரண்டிலும் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் உட்கார்ந்து தொழுதார்கள். இன்று பதினொரு நாற்காலிகள் கிடக்கின்றன. அதில் நான்கு பேர் என் வயதுக்காரர்கள். நாற்பதுகளில் இருக்கிறோம், நெற்றியைத் தரையில் வைக்க முடியவில்லை. முழங்கால் இடம் தரவில்லை, வயிறு இடம் தரவில்லை.

நாற்காலியில் தொழுபவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. முடியாதவருக்கு ஷரீஅத் கொடுத்த சலுகை அது. என் வாப்பாவும் கடைசி மூன்று வருடம் நாற்காலியில்தான் தொழுதார்கள். சர்க்கரை நோயில் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஸஜ்தாவுக்குக் குனியும்போதெல்லாம் அவர்கள் தரையை ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன்

மூன்று வருடத்துக்கு முன் நான் ரத்தப் பரிசோதனை செய்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2 என்று வந்தது. நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்படியில் நிற்கிறது என்றார் டாக்டர். அப்போது என் எடை 82 கிலோ. "ஹஜ்ரத், நாலு கிலோ குறையுங்கள், அது திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அது போதும்" என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெறும் நாலு கிலோவா? கைப்பேசியைத் திறந்தால் முப்பது நாளில் பதினைந்து கிலோ குறைத்தவரின் படம் வருகிறது. நானும் பதினைந்து என்று முடிவு செய்தேன். சோற்றை அடியோடு விட்டேன், இரவு உணவை விட்டேன். ஒரு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது. இந்த மிம்பரிலேயே நின்று அதைப் பெருமையாகச் சொன்னேன், உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பிறகு வலீமாக்கள் வரிசையாக வந்தன. நெய்ச்சோறு, தால்சா, வட்டிலாப்பம். ஐந்து மாதத்தில் ஏழு கிலோ ஏறியது. அதை நான் மிம்பரில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

டாக்டர் சொன்ன அளவு தவறில்லை, என் ஆசைதான் தவறு. மனிதன் அவசரக்காரனாக இருக்கிறான் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 11-வது வசனத்தில் அல்லாஹு தஆலா கூறுகிறான். அந்த அவசரத்தை நான் என் வயிற்றிலேயே பார்த்தேன்.

தீனின் பாதை படிப்படியான பாதை

அன்பானவர்களே! குர்ஆன் ஒரே நாளில் இறங்கி முடியவில்லை. 23 ஆண்டுகளில் சிறுகச் சிறுக இறங்கியது. ஊறிப்போன மதுப் பழக்கத்தை அல்லாஹ் படிப்படியாகத் தடுத்தான். அதில் பயனைவிடப் பாவம் பெரிது என்று முதலில் உணர்த்தினான். பிறகு போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்றான். அதன் பிறகே முழுமையாகத் தடை செய்தான். பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது படைத்தவனுக்குத் தெரியும்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது எது என்று கேட்கப்பட்டபோது, குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படுவதே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பு வைத்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, உம்முடைய உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்தில்கூட உடம்பை முறித்துக்கொள்ள அனுமதி இல்லை என்றால், எடை குறைக்கிறேன் என்று உடம்பை முறிப்பதற்கு எங்கே அனுமதி இருக்கும்?

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இப்போது கணக்குக்கு வருவோம். நமக்குப் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

சோற்றைத் திடீரென்று குறைத்தால் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கலாம். அது கொழுப்பு என்று சந்தோஷப்படாதீர்கள். உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்தும் அதோடு சேர்ந்திருக்கும் தண்ணீரும்தான் அதில் பெரும்பகுதி. மீண்டும் சாப்பிட்டால் அது திரும்பி வரும். அதேபோல் காலையில் ஒரு எடை, இரவில் ஒரு எடை என்று ஒரு கிலோ கூடிக் குறைவதும் சாதாரணம். அதைப் பார்த்துக் கவலைப்படவும் வேண்டாம்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நாளைக்கு நாலு டீ குடிக்கிறோம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஸ்பூன் என்றால் 40 கிராம், 160 கலோரி. இந்தச் சர்க்கரையை மட்டும் விட்டு, அதற்குப் பதிலாக வேறு எதையும் தின்னாமல் இருந்தால், மாதம் 4,800 கலோரி மிச்சம். அரை கிலோவுக்குச் சற்று அதிகம். இது காகிதக் கணக்கு. எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவையும் குறைவதால் போகப் போக வேகம் தணியும். நடுவில் இரண்டு மாதம் முள் அசையாமலும் நிற்கும். அதுவும் வழியில் உள்ளதுதான்.

ஆக, ஆறு மாதத்தில் மூன்று நாலு கிலோ. ஒரு சாதாரண மனிதன் வைத்துக்கொள்ளத்தக்க நிய்யத் இது. 80 கிலோ உள்ளவருக்கு இது இருபதில் ஒரு பங்கு.

இவ்வளவு சின்ன அளவால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,000-க்கும் அதிகமானோரைச் சேர்த்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. வாரம் 150 நிமிடம் நடந்து, உணவைச் சீராக்கியவர்கள் சராசரியாகக் குறைத்தது ஐந்தரை கிலோ அளவுதான். அவர்களில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது, மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட 58 சதவீதம் குறைவு.

நம் சென்னையிலும் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இதே போன்ற ஆய்வைச் செய்து 2006-ல் வெளியிட்டார்கள். நடையையும் உணவையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. கவனியுங்கள்: அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! எடை மெஷினின் முள் அசையாதபோதும், நாம் நடந்த நடை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. அல்லாஹ்வின் கணக்கில் மட்டுமல்ல, அவன் படைத்த இந்த உடம்பின் கணக்கிலும் முயற்சி வீணாவதில்லை.

முழங்கால் விஷயம் இன்னும் ஆச்சரியம். உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு எட்டிலும் முழங்கால் மீது விழும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். நாலு கிலோ குறைந்தால் பதினாறு கிலோ. ஃபஜ்ருக்குப் பள்ளிப் படி ஏறும்போது, தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி.

எதை எதிர்பார்க்கக் கூடாது?

நாலு கிலோ குறைந்தால் தொப்பை மறைந்துவிடாது. யாரும் பார்த்து "மெலிந்துவிட்டீர்களே" என்று கேட்க மாட்டார்கள். இரண்டாவது முறை நான் பதினொரு மாதம் எடுத்து நாலு கிலோ குறைத்தேன். என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. அதே ஜுப்பாதான், தையல்காரரிடம் போக வேண்டிய வேலையும் வரவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் 6.2 என்பது 5.9 ஆகியிருந்தது. ருகூவிலிருந்து ஸஜ்தாவுக்குப் போகும்போது தொடையில் கை ஊன்றுவது நின்றது. எனக்கு அதுவே பெரிய நிஃமத்.

ரமலானிலும் அப்படியே. மாதம் முழுக்க நோன்பு வைத்தும் சராசரியாக ஒரு கிலோ அளவே குறைகிறது, அதுவும் சில வாரங்களில் திரும்பி வருகிறது என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. சமோசாவும் நோன்புக் கஞ்சியும் ஒரு காரணம் என்று நாமே அறிவோம்! நோன்பை எடைக்காக வைக்காதீர்கள், இறையச்சத்திற்காக வையுங்கள். ஆனால் ஆசையை அடக்கும் அந்தப் பயிற்சியை ஷவ்வாலுக்கும் கொண்டுபோங்கள்.

பிறர் உடம்பைப் பற்றிப் பேசும் நாவு

அல்லாஹ்வின் அடியார்களே! நிக்காஹ் தேதி குறித்ததும், நாற்பது நாளில் பத்து கிலோ குறைக்கச் சொல்லிப் பெண்பிள்ளையைப் பட்டினி போடும் வீடுகள் நம் மஹல்லாவிலும் உண்டு. அது பாவம். பெருமானார் (ஸல்) அவர்கள் எப்படி நடந்தார்கள்? ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அன்னை மெலிந்திருந்தார்கள், முந்தினார்கள். பிறகு ஒரு காலம், அன்னையின் உடம்பில் சதை போட்டிருந்தது. மீண்டும் ஒரு பயணத்தில் பந்தயம் வைத்தார்கள், இந்த முறை நாயகம் முந்தினார்கள். அன்றைக்கு இது ஈடு என்று சிரித்தார்கள். அபூதாவூதிலும் அஹ்மதிலும் வரும் செய்தி இது. மனைவியின் எடையை அவர்கள் குத்திக்காட்டவில்லை, கூட ஓட வரச் சொன்னார்கள். வீட்டில் மனைவியிடம் "குறை, குறை" என்பவர்களே, அஸருக்குப் பின் அவர்களோடு அரை மணி நேரம் நடந்து பாருங்கள்.

மெலிந்தவர்களையும் கேலி செய்யாதீர்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைப் பார்த்துச் சிலர் சிரித்தபோது, மறுமையின் தராசில் அந்தக் கால்கள் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். எந்த மெஷினும் காட்டாத எடை ஒன்று இருக்கிறது. அது மீஸானில் தெரியும்.

நாளை முதல் என்ன செய்யலாம்?

ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் தூங்கப் போகாமல் அரை மணி நேரம் நடங்கள். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் நிறைந்துவிடும். பத்து நிமிடத்தில் தொடங்கினாலும் சரி.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று திர்மிதியில் வரும் வழிகாட்டல் நமக்கெல்லாம் மனப்பாடம். சஹனில் உட்கார்ந்தால்தான் மறந்துவிடுகிறது! சஹனில் அளவு தெரியாது என்பது உண்மை. நமக்கு முன்னால் இருப்பதை மட்டும் சாப்பிடுவது சுன்னத். மறுசோறு வரும்போது கையை எடுத்துவிடுவது என்று நான் பழகிக்கொண்டேன். விருந்தைத் தட்டவும் இல்லை, வயிற்றைத் தண்டிக்கவும் இல்லை.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் மட்டும் எடை பாருங்கள். இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எடை இறங்கிவிட்டது என்று சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் ஏற்கெனவே மெலிந்த பெரியவர்களும் எடை குறைக்கும் முயற்சியில் இறங்க வேண்டாம். முயற்சி எதுவும் செய்யாமலேயே எடை இறங்கினால் மகிழாதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

திரும்பி ஏறினால்?

ஏறும். ஒரு முறையாவது ஏறும். அப்போது என்ன செய்வது? பலமான முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்குப் பிரியமானவர், இருவரிடமும் நன்மை உண்டு என்று முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதன் தொடர்ச்சியை நாம் அதிகம் பேசுவதில்லை. பயன் தருவதில் ஆர்வம் கொள்ள வேண்டும், அல்லாஹ்விடம் உதவி தேட வேண்டும், தளர்ந்துவிடக் கூடாது, ஏதேனும் நேர்ந்தால் "அப்படிச் செய்திருந்தால்" என்று புலம்பக் கூடாது, அந்தப் புலம்பல் ஷைத்தானுக்கு வாசலைத் திறக்கும் என்பது அதன் கருத்து. ஏழு கிலோ ஏறியபோது அந்த வாசல் வழியாகத்தான் ஷைத்தான் என்னிடம் வந்தான். "உனக்கு இதெல்லாம் ஆகாது" என்றான். ஐந்து மாதம் அவன் பேச்சைக் கேட்டேன். ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பிறகு, எதுவும் பெரிதாக முடிவு செய்யாமல், தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் தொடக்கம்.

இந்த உடம்பு அமானத். அது ஒல்லியாக இருந்ததா என்று நாளை கேட்கப்படாது. அதை எதில் தேய்த்தாய் என்று கேட்கப்படும். என் வாப்பா பார்த்த அந்தப் பார்வையை என் பிள்ளைகள் என்னிடம் பார்க்கக் கூடாது என்பதே என் ஆசை. உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த நிலை வர வேண்டாம்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் சகோதரர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! நாற்காலியில் தொழும் எங்கள் பெரியவர்களின் ஸஜ்தாக்களை முழுமையான ஸஜ்தாக்களாக ஏற்பாயாக! எங்கள் சிறிய முயற்சிகளில் பரக்கத் செய்து, அவற்றை நிலைக்கச் செய்வாயாக! மவ்த் வரும் வரை எங்கள் நெற்றிகளைத் தரையில் வைக்கும் பாக்கியத்தைப் பறித்துவிடாதே! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.