கல்லாக் கணக்கும் நெஞ்சின் கணக்கும்



நாம் வியாபாரிகள். இரவில் கடையடைத்ததும் கல்லாவை எண்ணிப் பேரேட்டில் பதியாமல் உறங்குவதில்லை. ஆண்டு முடிவில் சரக்கிருப்பு எடுத்து லாப நஷ்டம் பார்க்கிறோம். ஆனால், அன்றாடம் நாம் பேசிய பேச்சுக்கும் கொண்ட கோபத்துக்கும் என்றாவது ஐந்தொகை போட்டதுண்டா? நாளைக்கென எதை முன்னனுப்பி வைத்தோம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளும்படி அல்லாஹுத்தஆலா தன் திருமறையின் 59-வது அத்தியாயத்தில் ஏவுகிறான். இதைத்தான் பெரியோர்கள் முஹாஸபா என்றார்கள்.

நமக்கு நேர்ந்த ஒன்றை வெட்கத்தோடு எழுதுகிறோம். ஒருமுறை வசூல் பணத்தில் 600 வெள்ளி குறைந்தது. கடைக்கு மேல்மாடியில்தான் நம் வீடு. அலமாரியிலும் மேசையிலும் பழைய ரசீதுகளும் துணிகளும் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலைத் தேடிப் பாராமல், கடைத்தம்பியைக் கூப்பிட்டு நாலுபேர் முன்னிலையில், "எடுத்தது நீதானே?" என்று கேட்டுவிட்டோம். "அல்லாஹ் அறிய இல்லை, முதலாளி" என்று அழுதான். மறுநாளே வேலையை விட்டுப் போய்விட்டான்.

ரமலானுக்கு முன் வீட்டைக் கழுவ அலமாரியைக் காலி செய்தபோது, ரசீதுக் கட்டுக்குள் ஓர் உறை இருந்தது. உள்ளே 600 வெள்ளி. உறையின்மேல் நம் கையெழுத்து!

திவாலானவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவர் என்றார்கள் தோழர்கள். அல்ல, தொழுகை, நோன்பு, ஜக்காத்தோடு மறுமையில் வந்தும், பிறரை ஏசியதற்கும் பழி சுமத்தியதற்கும் தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துத் தீர்ப்பவரே திவாலானவர் என்று விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. மதறஸாவில் சிறுவயதில் ஓதியதுதான். அந்த உறையைக் கையில் பிடித்தபோதுதான் பொருள் விளங்கிற்று.

தம்பி வேலைபார்க்கும் கடைக்கே சென்று மன்னிப்புக் கேட்டோம். அன்று கேட்டிருந்த நால்வரிடமும் உண்மையைச் சொன்னோம். அவன் மன்னித்தான், ஆனால் நம் கடைக்குத் திரும்பவில்லை. அந்த நஷ்டம் நம் கணக்கில் இன்றும் நிற்கிறது.

ஆகவே சகோதரர்களே! சுத்தம் ஈமானில் பாதி என்பதை ஒளுவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். இஷாவுக்குப் பின் கால்மணி நேரம் வீட்டை ஒழுங்கு செய்வோம். பணத்துக்கு ஓரிடம், ரசீதுக்கு ஓரிடம் என்று வைப்போம். எல்லாம் வீட்டிலுள்ள பெண்களின் வேலை என்று ஒதுங்க வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்களே தம் செருப்பைத் தாமே தைத்து, வீட்டு வேலையில் கைகொடுத்தார்கள். பிறகு படுக்குமுன் நம்மையே கேட்போம்: இன்று யார் மனதை நோகச் செய்தோம்? யாருக்குக் கொடுக்கவேண்டியது நிற்கிறது? அறியாததை அறிந்ததுபோல் பேசினோமா? பாக்கி ஏதும் தெரிந்தால், விடிந்ததும் முதல் வேலையாக அதைத் தீர்ப்போம்.

மறுமையில் திவாலாகாமல் அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.