கத்தி செய்தவன் எதற்குப் பொறுப்பாளி?

கத்தியால் நடந்த தீமைக்கு அக்கத்தியைச் செய்தவனும் பொறுப்பாளி ஆவானா? கேள்வி பழையது. ஆயினும் கல்முனைக் கரையோரத்தில் வாழும் எமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று எமது ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் நடந்த மோதலிலும் வெடிப்பிலும் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிசார் நாடெங்கும் அறிவித்தனர். அன்றாடத் தொழிலுக்குரிய கத்திகளுக்கு விலக்கு உண்டென்றும் கூறினர்.

வயலும் கடலும் தென்னையும் சூழ்ந்த ஊர்களில், எது தொழிற்கத்தி, எது கொலைக்கத்தி என்று கண்ணால் பிரிப்பதெப்படி? தேங்காய் வெட்டவும், மீன் அறுக்கவும், ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுக்கவும் கத்தி வேண்டும். அந்த நாட்களில் அச்சம் இரும்பைப் பார்த்தது. இரும்பைப் பார்த்த கண் அயலவனையும் அவ்வாறே பார்க்கத் தொடங்கிற்று.

1274இல் மறைந்த புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கேள்விக்குத் தெளிவாகவே விடை கூறியிருக்கிறார். நன்மைக்கும் தீமைக்கும் ஒருங்கே பயன்படக்கூடிய வாள், அம்பு போன்றவற்றைச் செய்யும் தொழில் பாவமாகாது என்பது அவர் முடிவு. பயன்படுத்துபவனின் பாவம் பயன்படுத்துபவனையே சாரும். கோபத்தோடு பட்டறை வாசலில் நிற்பவனுக்குத் தெரிந்தே கத்தியை நீட்டினால் மட்டும் அது வேறு கதை.

அப்படியானால் கொல்லனின் மனச்சாட்சிக்கு வேலையே இல்லையா? உண்டு. அதே புனிதர், வாங்கல் விற்றலைப் பற்றிப் பேசுமிடத்தில் மற்றொன்றையும் சொல்கிறார். வாங்குபவனுக்கு நட்டமோ ஆபத்தோ விளைவிக்கும் மறைந்த குறையை விற்பவன் வெளிப்படுத்தியே ஆகவேண்டும். கத்தி செய்பவனின் உண்மையான சோதனை இங்கேதான் இருக்கிறது. ஏனெனில் கத்தியின் உயிரே கண்ணுக்குப் புலப்படாத ஒன்று.

பழைய அரம் ஒன்றைக் கத்தியாக்கும் முறையைப் பாருங்கள். அரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கரி கலந்திருக்கிறது. லொறியின் வில்லுத்தகட்டில் அதில் ஏறக்குறைய பாதி. இக்கரியே உருக்குக்குக் கடினத்தைத் தருவது. முதலில் அரத்தைச் செந்தணலாகக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அப்போது பழைய கடினம் நீங்கி, அது சம்மட்டிக்கும் இராவுதலுக்கும் இணங்கும். வடிவம் அமைந்தபின் மீண்டும் காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாத சூட்டைச் சற்றே தாண்டியதும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். இப்போது அலகு கண்ணாடியைப் போலக் கடினம்; கண்ணாடியைப் போலவே நொறுங்கவும் கூடும். ஆகவே அதைத் துலக்கி, மூன்றாம் முறை இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். சுமார் 220 பாகை செல்சியசில் வைக்கோல் நிறம் படரும். சிறு கத்திக்கு அது போதும். ஓங்கி வெட்டும் கத்திக்கு ஊதாவோ நீலமோ, அதாவது 280 முதல் 300 பாகை வரை வேண்டும். கடினத்தில் சிறிது விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறுவதே இதன் இரகசியம்.

இந்த வாட்டலைச் செய்யாமல் விட்டாலும் தீட்டி மினுக்கிய கத்தி ஒன்றுபோலவே மினுங்கும். தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட மலிவான உருக்கை எடுத்து அடித்தாலும் பார்வைக்கு வேற்றுமை இல்லை. காசு கொடுப்பவருக்கு அது தெரியாது, செய்தவனுக்குத் தெரியும். நாளை எலும்பில் படும்போது அலகு முறிந்து ஒருவர் கண்ணில் தெறிக்கலாம். தோய்ச்சல் போதாத கத்தியோ விரைவில் மழுங்கும். அறுக்கும்போது கத்தியைக் கூராக்கிப் பிராணியின் வேதனையைத் தணியுங்கள் என்பது நபிகள் நாயகத்தின் அறிவுரை என எமது முஸ்லிம் சகோதரர் போற்றுவர். கொல்லன் மறைத்த குறையின் பாரத்தை அங்கே வாயில்லாச் சீவன் ஒன்று சுமக்கிறது.

வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் என்று எசாயா கண்டார். கொழுக்களை வாள்களாக்கும் குரல் யோவேல் ஆகமத்தில் ஒலிக்கிறது. இரும்பு இரண்டுக்கும் இணங்கியது. சாய்வு மனிதனிடமே உள்ளது. நல்ல கொல்லன் கிடைத்த பழைய இரும்பைத் துருவைக் கண்டு தள்ளுவதில்லை. பெயரைக் கண்டு நம்புவதுமில்லை. ஒரு துண்டைக் காய்ச்சித் தோய்த்து முறித்துப் பார்த்த பின்னரே தீர்ப்பிடுகிறான். மனிதரைத் தீர்ப்பிடும் நாம் அவ்வளவு பொறுமையாவது காட்டுகிறோமா?

எந்தத் தொழிலிலும் பிறர் கண் எட்டாத ஓரிடம் உண்டு. சுவருக்குள் மேசன் இட்ட சீமெந்தின் அளவு, நெசவாளி தறியில் ஓட்டிய நூலின் தரம், ஆசிரியர் இரவில் செய்த ஆயத்தம் இவையெல்லாம் அத்தகையன. நாசரேத்தில் தச்சராய் உழைத்த நம் ஆண்டவர் அந்த மறைவிடத்தையும் அறிவார். எமது பொருள் யார் கைக்குச் சேர்ந்து என்ன செய்யும் என்பது முழுவதும் எம் வசத்தில் இல்லை. அதற்குள் எதை வைத்து விற்றோம் என்பதோ எம் வசத்திலேயே இருக்கிறது. நாம் கணக்குக் கொடுக்க வேண்டியதும் அதற்கே.