இது என்ன சுறா?

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் வட்டமாக வெட்டி அடுக்கிய சுறாத் துண்டுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. விற்பவர் ‘சுறா’ என்பார். வாங்குபவருக்கும் அது போதும். மஞ்சள் போட்டு அவித்து, தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் சேர்த்து வறையாக்கிய பிறகு யார் கேட்கப்போகிறார்கள்? பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து கூடவே வந்த கறி அது. அதைக் குற்றமென்று சொல்லப் புறப்படுவது அறமாகாது.

ஆனால் அந்தக் கறிக்குப் பெயர்பெற்ற பால்சுறா வேறு, ஆழ்கடலில் சூரைக்கு விட்ட தூண்டிலில் மாட்டும் ‘கச மோரா’ என்ற சுறா வேறு. சிங்களத்தில் ‘கச’ என்றால் சாட்டை. உடலளவுக்கு நீளும் வாலால் வந்த பெயர். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு இரண்டே குட்டிதான். இலங்கை 2012இல் அதைப் பிடிக்கத் தடை விதித்தது. 2016இல் அதன் உலக வணிகத்துக்கும் கடிவாளம் கேட்ட நாடுகளில் ஒன்றாக நின்றது. 1970க்குப் பின் பெருங்கடல் சுறா, திருக்கைகள் 71 வீதம் குறைந்துவிட்டதாக 2021இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. தடை நியாயமானதே.

தூண்டிலுக்குத்தான் சட்டம் தெரியாது. டீசலுக்கும் ஐஸுக்கும் கடன்பட்டு வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் பலநாள் படகுக்காரர், செத்தே மேலே வந்த கச மோராவையும் கடலிலேயே விட்டுவிட வேண்டும். அந்த நட்டத்தில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சுறா வாங்கித் தின்பவரின் பங்கு ஒரு சதமும் இல்லை.

ப்ளூ ரிசோர்சஸ் ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளின் ஆய்வாளர்கள் கரைக்கு வரும் சுறாக்களை அளந்து பதிகிறார்கள். மீனவர் வாய்திறக்காமல் இந்த வேலை நடக்காது. அங்கே தடைசெய்த மீன் ஒன்று கிடந்தால் அளவுநாடாவை நீட்டுவதா, அதிகாரியைக் கூப்பிடுவதா? கூப்பிட்டால் ஒரு மீனுக்கு நியாயம் கிடைக்கும். மறுநாளிலிருந்து எல்லாம் இருட்டில் இறங்கும். சட்டம் படித்தவர்கள் முகம் சுளிக்கலாம், என்றாலும் நாடாவே மேல். ஒரு நிபந்தனையோடு: அளந்து அறிந்தது மீனவரிடம் திரும்ப வேண்டும். எந்த ஆழத்தில், எந்த நேரத்தில் தூண்டில் விட்டால் கச மோரா குறைவாக மாட்டும் என்று அவருக்குச் சொல்ல முடியாத ஆய்வு, அவரிடம் வாங்கிய கடனைத் திருப்பாத ஆய்வு.

வாங்குபவருக்கு இவ்வளவு சங்கடமில்லை. “இது என்ன சுறா?” என்று கேட்டால் போதும். விற்பவர் முதலில் திகைப்பார். நாலு பேர் கேட்டால், விடியற்காலை பேலியகொடை மீன் மொத்தச் சந்தையில் கொள்முதல் செய்யும்போது அவரும் அதைக் கேட்க வேண்டிவரும்.