இரண்டு விரல் இடைவெளி

பெரியப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி, லைசென்ஸ் மாறி என் பெயருக்கு வந்த அன்று மாலை, குழல்கள் காலி என்று மூன்று முறை பார்த்துக்கொண்டு, பீரோ கண்ணாடி முன் நின்று தோளில் வைத்துப் பார்த்தேன். கொக்குபோலக் கழுத்தை நீட்டி, இடது கை விறைத்துப்போய், எதையோ எட்டிப் பிடிக்கப் பார்க்கும் ஒரு பெண் தெரிந்தாள். பின்கட்டை தோள் குழியில் உட்காரவில்லை. நழுவி மேற்கையில் போய் நின்றது.

பெரியப்பா ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. நான் ஐந்தடி ஒன்று.

சின்ன வயதில் அவருடைய சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டியிருக்கிறேன். பாருக்கு அடியில் காலை விட்டு, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு. சைக்கிள் ஓடத்தான் செய்தது. இதுவும் வெடிக்கத்தான் செய்யும்.

*

விசையின் முன்முகத்திலிருந்து பின்கட்டை முனையின் நடுப்பகுதி வரை டேப்பை நேராகப் பிடிக்க வேண்டும். அதுதான் கட்டையின் நீளம். பெரியப்பாவுடையது 14¾ அங்குலம். அதில் ஓர் அங்குலம் அவரே பொருத்திக்கொண்ட ரப்பர் திண்டு. மரம் மட்டும் 13¾. அந்தத் திண்டில் அவர் தோளின் எண்ணெய்க் கறுப்பு இன்னும் இருக்கிறது.

அமெரிக்கத் தொழிற்சாலை ரைபிள்கள் 13½ அங்குலத்தை ஒட்டி வருகின்றன. ரவைத் துப்பாக்கிகள் 14-லிருந்து 14½. ஆங்கிலேய இரட்டைக் குழல்கள் அதற்கும் மேலே, 15 வரை. சிறுவர்களுக்கு என்று செய்பவை 12, 13. ரைபிளுக்கு ஏன் குறைவு என்று வெகுநாள் புரியவில்லை. ரைபிள்காரர் படுத்தும் உட்கார்ந்தும் சுடுகிறார். படுக்கும்போது முகம் தானாக முன்னால் நகர்கிறது. ரவைத் துப்பாக்கிக்காரர் நிமிர்ந்து நின்று, பறப்பதைப் பார்த்துச் சுடுகிறார்.

இந்த எண்களெல்லாம் ஒரு நடுத்தர ஆணின் உடம்பை மனதில் வைத்து வந்தவை. ரெடிமேட் சட்டை மாதிரி. பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாமலும் இல்லை, முழுக்கப் பொருந்துவதும் இல்லை.

*

முழங்கை மடிப்பில் பின்கட்டையை வைத்து, ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட்டால் சரியான நீளம். எங்கே போனாலும் யாராவது இதைச் சொல்லித் தருகிறார்கள். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், தப்பென்று தெரியாமல்.

அது முன்கையை மட்டும்தான் அளக்கிறது. கழுத்து குட்டையா நெட்டையா, மார்பு அகலமா, தோள் சரிவா, நிற்கும்போது முன்னால் சாய்கிற வழக்கமா என்று ஒன்றும் அதற்குத் தெரியாது. ஒரே நீளக் கை உள்ள இரண்டு பேருக்கு முக்கால் அங்குலம் வித்தியாசப்படலாம்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் பாய் இதை ஒரே வரியில் முடித்தார். “கை நீளம் எதுக்கும்மா? மூஞ்சி எங்க வந்து விழுதுன்னு பாருங்க.”

பிறகு கண்ணை மூடச் சொன்னார். மூடிக்கொண்டு, யோசிக்காமல், வழக்கம்போலத் தூக்கித் தோளில் வை. கன்னம் கட்டையில் படியட்டும். அசையாதே. பிடியில் இருக்கும் கட்டைவிரலின் முட்டிக்கும் மூக்கு நுனிக்கும் நடுவில் எத்தனை விரல் நுழையும்? இரண்டு நுழைந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் கட்டை குட்டை; சுட்டதும் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். மூன்று, நான்கு என்றால் நீளம்.

எனக்கு நான்கு நுழைந்தது. நாலாவது விரல் அவருடையது, தடித்தது.

*

நீளமான கட்டை முதலில் துணியைப் பிடிக்கும். தூக்கும் வழியில் அக்குளில் மாட்டும். மாட்டாமல் வந்தாலும் தோள் குழிக்கு வராமல் வெளியே மேற்கையில் நிற்கும். 12 போர் உதைக்கும்போது அந்த இடத்தில் சதை மட்டும்தான் இருக்கிறது. முதல் இருபத்தைந்து தோட்டாவுக்குப் பிறகு என் மேற்கையில் நாவல்பழ நிறத்தில் ஒரு வட்டம். காயம் எங்கே இருக்கிறது என்பதே ஓர் அளவுகோல். தோள் குழியில் என்றால் உதை அதிகம். மேற்கையில் என்றால் கட்டை நீளம்.

குட்டைக் கட்டை வேறு விதமாகப் பழிவாங்கும். தொலைநோக்கி பொருத்திய ரைபிளில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மூன்று, மூன்றரை அங்குலம் இருந்தாக வேண்டும். கட்டை குட்டையானால் முகம் நெருங்கிவிடும். வலது புருவத்தின் மேல் பிறைபோல ஒரு தழும்போடு வருகிறவரிடம் என்ன ஆயிற்று என்று ரேஞ்சில் யாரும் கேட்பதில்லை.

இரண்டில் எது தேவலை? மற்ற எந்தக் கருவிக்கும் நான் பெரியதையே வாங்குவேன், பழகிக்கொள்ளலாம் என்று. இதில் மட்டும் கால் அங்குலம் குட்டையானதோடு பழகிவிடலாம் என்று தோன்றுகிறது. கால் அங்குலம் நீளமானது ஒவ்வொரு முறை தூக்கும்போதும் வாதாடுகிறது.

*

கல்லூரி என்.சி.சி.யில் அணிவகுப்புக்குத் தந்தது பழைய .303 லீ-என்ஃபீல்டு. பின்கட்டையின் மேல்பக்கம், பித்தளைத் தகட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மரத்தில் ஓர் எழுத்து குத்தியிருந்தது. என்னுடையதில் ‘எஸ்’. ஸ்டோர் அடையாளம் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்றவளுடையதில் ‘எல்’. அவள் என்னைவிடக் குட்டை. நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றலாம் என்றே தெரியாது.

இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எஸ் என்றால் ஷார்ட், எல் என்றால் லாங்.

ஒரு பெரும் படை, லட்சக்கணக்கில் செய்யும் துப்பாக்கிக்கு நான்கு நீளத்தில் கட்டை செய்து வைத்திருந்தது. நடுத்தரம் ஒன்று, அதைவிட அரை அங்குலம் கூட ஒன்று, அரை அங்குலம் குறைய ஒன்று, முழு அங்குலம் குறைய இன்னொன்று. கடைசியதற்கு ‘பி’ முத்திரை, பாண்டம். சண்டைக்கு விடும் குள்ளச் சேவலின் பெயர். 1914-இல் பிரிட்டிஷ் படையில் சேர ஐந்தடி மூன்று அங்குலம் வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்ட ஆண்களைக் கொண்டு பிர்க்கன்ஹெட் ஊரில் தனிப் பட்டாளம் கட்டினார்கள். அவர்களுக்கும் இதே பெயர்தான். என் உயரம் அந்தப் பட்டாளத்துக்குச் சரியாக இருந்திருக்கும்.

இப்படி நான்கு நீளம் சாத்தியமானது லீ-என்ஃபீல்டின் கட்டை இரண்டு துண்டு என்பதால். முன்கட்டை தனி, பின்கட்டை தனி. ஜெர்மானிய மவுசரில் முனை முதல் அடி வரை ஒரே மரம். அதை வாங்கிய படைவீரன் தன் உடம்பை அதற்குத் தக்கபடி மடித்துக்கொள்ள வேண்டியதுதான். லீ-என்ஃபீல்டில் பித்தளைத் தகட்டின் சிறு கதவைத் திறந்து, உள்ளே நீளத் திருப்புளியை விட்டுப் பெரிய போல்ட்டைக் கழற்றினால் பின்கட்டை கையோடு வந்துவிடும்.

ஆனால் முதலில் முன்கட்டையைக் கழற்ற வேண்டும். அந்த போல்ட்டின் சதுர முனை முன்கட்டையில் உள்ள ஒரு தகட்டில் பொருந்தியிருக்கும். அவசரப்பட்டுப் பின்னாலிருந்து திருகினால் முன்னால் மரம் பிளக்கும். எத்தனையோ நல்ல கட்டைகள் இப்படிப் போயிருக்கின்றன. பின்னால் இருப்பதை மாற்ற முன்னாலிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பாய் சொல்லிக்கொண்டே போனார். நான் நோட்டில் எழுதினேன், ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

*

தையல் கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது டேப்பால் அளப்பதைவிட ‘அளவு ஜாக்கெட்’ ஒன்றைக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். ஏற்கெனவே உடம்புக்கு ஒத்துவந்த ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் துப்பாக்கிச் செய்நர்களும் இதையே செய்தார்கள். கட்டையில் கீலும் திருகாணியுமாக ஒரு துப்பாக்கி. நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பக்கவாட்டில் வளைக்கலாம், கன்னம் படியும் மேல்விளிம்பை இறக்கலாம். வாடிக்கையாளர் அதைத் தூக்கி, சுண்ணாம்பு பூசிய இரும்புத் தகட்டைச் சுடுவார். ரவை எங்கே விழுந்தது என்று பார்த்துச் செய்நர் ஒரு திருகைத் திருகுவார். மறுபடி சுடுவார். அளவு பிடிபட்டபின் அந்த எண்களை எழுதிக்கொண்டு வால்நட் மரத்தில் செதுக்குவார்கள்.

தகடு 16 கஜத்தில் நிற்கும். கண்ணுக்கும் குழல் முனைக் குமிழுக்கும் ஏறக்குறைய ஒரு கஜம். ஆகவே கண் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் விலகினால் தகட்டில் ஒரு முழு அங்குலம் விலகும். ரவைத் துப்பாக்கியில் பின்குறி கிடையாது. சுடுகிறவரின் கண்ணே பின்குறி. ரைபிளில் திருகி நகர்த்தும் குறியை இதில் எலும்பும் தோலும் மரமும் சேர்ந்து நிறுத்துகின்றன.

நீளம் என்பது நீளத்தை மட்டும் மாற்றுவதில்லை என்று இங்கேதான் பிடிபட்டது. கன்னம் படியும் விளிம்பு பின்னால் போகப் போகத் தாழ்கிறது. கட்டை நீண்டால் முகம் பின்னால் விழும், கண் தாழும், ரவை தாழப் போகும். குட்டையானால் முகம் முன்னேறும், கண் உயரும், ரவை மேலே. களிமண் தட்டின் அடியில் நான் சுட்டுக்கொண்டே இருந்ததற்கு என் கண்ணையும் கவனத்தையும் இத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

*

உடை. குளிர்நாட்டில் கம்பளிக் கோட்டின் மேல் தூக்குகிறவருக்கு அரை அங்குலம் குறைவாக வேண்டும். கோட்டே அந்த அரை அங்குலம். 1980-களில் அமெரிக்க மரைன் படை எடுத்துக்கொண்ட எம்16ஏ2-வில் கட்டையை 5/8 அங்குலம் நீட்டினார்கள். உயரமானவர்களுக்குச் சுகம். மார்புக் கவசம் போட்டதும் அதே நீளம் தொல்லையாயிற்று. அடுத்து வந்த எம்4-இல் கட்டையை இழுத்து, தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டும் அளவை மாற்றும். களிமண் தட்டைச் சுடும் ஒலிம்பிக் ஸ்கீட்டில் தட்டு பறக்கும்வரை கட்டையின் அடி, சட்டையில் முழங்கை உயரத்தில் ஒட்டிய பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அங்கிருந்து சட்டென்று தோளுக்கு வர வேண்டும் என்பதால் கொஞ்சம் குட்டையாகவே விரும்புவார்கள். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ட்ராப்பில் முதலிலேயே தோளில் பதித்துக்கொண்டு தட்டைக் கூப்பிடலாம். அங்கே நீளம் அவ்வளவு வாதாடாது.

*

எனக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொடுத்தது பின் விசை.

பெரியப்பாவுடையதில் இரண்டு விசைகள். முன்னது வலது குழலுக்கு, பின்னது இடதுக்கு. இரண்டுக்கும் இடையே ஓர் அங்குலம். பின்விசைக்குப் போகும்போது கை பிடியில் அந்த அளவு பின்னால் சறுக்கும். அப்படியென்றால் அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு நீளங்கள்: 14¾, 13¾. வலது குழலில் தவறவிட்டுக்கொண்டே, இடது குழலில் உடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாய்ப்பில் மனம் அடங்கிவிடுகிறது போலும் என்று தத்துவமாக எடுத்துக்கொண்டேன். பாய் டேப்பை எடுத்துக் காட்டினார்.

திண்டைக் கழற்றிவிட்டு, பின்விசையில் விரல் வைத்து, அட்டைத் துண்டுகளை டேப்பால் ஒட்டி, ஒட்டி எடுத்துப் பார்த்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மெல்லிய பருத்திச் சட்டையோடு 13½-இல் வந்து நின்றது. வெறும் மரம் 12 போருக்கு ஆகாது. அரை அங்குலத் திண்டு வேண்டும். மரத்தில் முக்கால் அங்குலம் போக வேண்டும்.

“திண்டை எடுத்தாலே போதும்னு விட்டுடலாமா?” என்று கேட்டேன். வெட்டுவது பெரியப்பாவையே வெட்டுவதுபோல இருந்தது.

“விட்டுடலாம்மா. ஆனா சுடறது நீங்க.”

வெட்டும் கோட்டைச் சுற்றிக் காகித டேப் ஒட்டினார், மரம் சிம்பாமல் இருக்க. கோடு நேர்க்கோடு இல்லை. கீழ்முனை மார்பில் குத்தாதபடி சாய்த்துக் குறித்தார்; பெண்களுக்கு இது முக்கியம், ஆனால் ரெடிமேட் கட்டையில் யாரும் யோசிப்பதில்லை. பிறகு மெல்லிய பல் ரம்பம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

துண்டு என் கைக்கு வந்தது. முட்டை வடிவம், ஒரு பக்கம் ரம்பம் போன புத்தம் புது மரம், மறுபக்கம் திண்டு ஒட்டியிருந்த அழுக்கு. வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நாலு நாள் கழித்துக் காணவில்லை. அம்மா தையல் மெஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்திருந்தாள். சரியான கனம் என்றாள்.