பத்திரமும் பட்டமும்

மகனின் பொறியியல் படிப்புக்காக நிலப்பத்திரத்தை அடகு வைக்கலாமா என நம் பங்கைச் சார்ந்த உழவர் ஒருவர் வினவினார். வையுங்கள் என்றுரைக்க நா எழவில்லை. வேண்டாமென்று தடுக்கவோ, குருமடத்தில் செலவின்றிப் பயின்ற நமக்கு உரிமையில்லை.

பின்னாளில் கர்தினாலான நியூமன், அறிவு தன்னிலேயே நற்பேறு என 1852-இல் டப்ளினில் வாதிட்டார். உண்மையே, ஆயினும் வட்டிக்கு வாங்கிக் கற்பவனுக்கு அந்த நிம்மதி ஏது? தமிழ்நாட்டில் 2021-22-இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47. பட்டதாரிகள் பெருகப் பெருகப் பட்டத்தின் மதிப்புக் குறைகிறது. பட்டமில்லாதவனோ வாயிலிலேயே நிறுத்தப்படுகிறான். இம்முரணே தந்தையரை அடகுக்கடைக்கு அனுப்புகிறது.

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குரிய கட்டணச் சலுகையை அவர் அறிந்திலர். வட்டாட்சியர் அலுவலகத்திற்கு வழிகாட்டினோம். பத்திரத்தை மடித்துக்கொண்டு புறப்பட்டார். மகனின் நாட்டம் எதிலென்று கேளாமலே அனுப்பிவிட்டோம் என்பது பின்னரே உறைத்தது.