யார் நிழல் விழுந்தது?

எட்டு மாதக் குழந்தை. முதல் நாள் இரவிலிருந்து வயிற்றால் போகிறது. இடுப்பைப் பிடித்திருந்த அரைஞாண் கயிறு தளர்ந்து தொங்கியது. பாட்டி தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உச்சிக்குழி உள்ள போயிருக்கு, தோஷந்தான்" என்றார். அடுத்து அவர் கேட்டது மருந்தை அல்ல. "நேத்து யார் யாரு தூக்குனீங்க?" மாதவிலக்கான பெண்ணின் நிழல் பட்டாலே குழந்தைக்குத் தோஷம் தாக்கும் என்பது நம் ஊர்களின் பழைய மருத்துவம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.

பாட்டியின் கண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். உச்சிக்குழி இறங்கியதையும் கண் பள்ளம் விழுந்ததையும் அழுதும் கண்ணீர் வராததையும் எங்களுக்கு முன்பே பார்த்தவர் அவர்தான். நீரிழப்புக்கு மருத்துவர்கள் தேடும் அடையாளங்களும் இவையே. பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் பொய். உடம்பில் தண்ணீர் குறைந்தால், மண்டை எலும்புகள் இன்னும் கூடாத அந்த மெல்லிய இடம் உள்ளே இறங்கும். எந்தப் பெண்ணின் நிழலுக்கும் அதில் வேலையில்லை. கிருமி வருவது குடிக்கிற தண்ணீரிலும் கழுவாத கையிலும். ஆனால் குடத்தைச் சந்தேகிப்பதைவிடப் பெண்ணைச் சந்தேகிப்பது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

வேப்பிலையால் மந்திரித்தார்கள். அதற்குள் இன்னும் இரண்டு முறை போனது. பிறகு வந்த கட்டளை அதைவிடக் கொடியது: "தண்ணி குடுக்காத, குடிச்சா இன்னும் போகும்." தாய்ப்பாலையும் நிறுத்தச் சொன்னார்கள். அன்பினால்தான் சொன்னார்கள், தெரியும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வடிகிறதென்று ஊற்றுவதையே நிறுத்தும் அன்பு. இதைக் கேள்வி கேட்டால் பெரியவர்களை மதிக்கவில்லை என்பார்கள். எட்டு மாதக் குழந்தையின் உயிரைவிடப் பெரிதா அந்த மரியாதை?

படித்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். வாயால் குடிக்கிற குழந்தைக்கும் "குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் யார்? ஊசி ஏறினால்தான் வைத்தியம் என்பதும் ஒருவகை மந்திரிப்புதான். பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெயரான ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாக அச்சிட்ட பழச்சுவைப் பானத்தை மருந்துக்கடையில் வாங்கி ஊற்றியதும் நாம்தான். சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். அந்த எழுத்துகளை அத்தகைய பானங்களின் மேல் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது 2025 அக்டோபரில்தான்.

உண்மையான ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஒரு கதை உண்டு. 1971இல் வங்காள எல்லையிலுள்ள பங்கான் நகரில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த கரைசலை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் குடல் சுவருக்குள் நுழையும்போது உப்பையும் சேர்த்து இழுத்துப் போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. பேதியாகும்போதும் அந்த வழி அடைபடுவதில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அங்கன்வாடியில் இலவசம். பெரிய பொட்டலமென்றால் முழுவதையும் கொதித்தாறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் பொடி, ஒரு டம்ளர் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, பாலாடையிலோ ஸ்பூனிலோ சிறிது சிறிதாக. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்றாலும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு மறைய இரண்டு விநாடிக்கு மேலானாலோ, குழந்தை துவண்டு குடிக்க முடியாமல் கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ உடனே மருத்துவமனை.

அன்று அந்த வீட்டுக்குப் பொட்டலம் வாங்கி வந்தது அந்தக் கல்லூரிப் பெண்தான். வாசலில் நின்றே நீட்டினாள். சாயங்காலம் குழந்தை சிறுநீர் கழித்தது. அவளை உள்ளே வா என்று இன்னும் யாரும் கூப்பிடவில்லை.